அழைப்பை ஏற்ற எளியோர்
(உபதேசியார் மரபும் நம் கல்வி வரலாறும்)

வரலாறு என்றால் அரசர்களின் பட்டியலும் போர்களின் பட்டியலுமே என்று எண்ணி வந்த காலம் ஒன்று உண்டு. பாடநூல்கள் அவ்வாறே அமைந்தன. ஆசிரியர்களாகிய நாங்களும் அவ்வாறே கற்பித்தோம். ஆயினும் ஒரு சமுதாயம் எழுத்தறிவு பெற்ற கதையை எழுதப் புகுவோர்க்கு அரசர்களின் பட்டியல் பயன்படுவதில்லை. சேரியின் ஓரத்தில் கூரைக் கொட்டகையில் மணலைப் பரப்பி, குழந்தைகளின் விரலைப் பற்றி அகரம் எழுதச் செய்த மனிதன் யார் என்று அவர்கள் தேட வேண்டியிருக்கிறது. அந்த மனிதனைத் தேடிச் செல்லும்போது, தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாம் காண்பது ஓர் உபதேசியாரை.

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அந்த உபதேசியார் மரபை நினைவுகூர்வது பொருத்தமாகும். நம் சங்கத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருசேர உள்ளனர். எனவே இக்கட்டுரை எந்தச் சமயத்தையும் பரப்புவதற்காக எழுதப்பட்டதன்று. கிறிஸ்தவ சமயத்தில் ‘அழைப்பு’ என்று சொல்லப்படும் கருத்து, எளிய மக்களின் வாழ்வில் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இதன் நோக்கம்.

அழைப்பு என்னும் கருத்து

கிறிஸ்தவ மறைநூலில் அழைக்கப்பட்டோர் பெரும்பாலும் உழைக்கும் மக்களே. ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர், அத்திமரங்களைப் பேணியவர். இயேசு தம் சீடராக முதலில் அழைத்த பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகிய நால்வரும் கலிலேயக் கடலில் வலை வீசிய மீனவர்கள். மத்தேயு, மக்களால் வெறுக்கப்பட்ட வரி வசூலிப்பவர். குலத்தையும் கல்வியையும் கேட்டறிந்த பின்னர் விடுக்கப்பட்ட அழைப்பாக இவற்றுள் ஒன்றையும் நாம் காணோம்.

இக்கருத்து தமிழ் மண்ணுக்கு முற்றிலும் புதியதன்று. வேடர் கண்ணப்பரும், குயவர் திருநீலகண்டரும், பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரும் பக்தி மரபில் போற்றப்படுவோரே. ஆதனூர் நந்தனாருக்கும் தில்லையிலிருந்து அழைப்பு வந்தது. ஆனால் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவர் சந்நிதிக்குள் செல்ல இயன்றது என்று புராணம் கூறுகிறது. இறைவன் அழைத்தாலும் மனிதர் வாயிலில் நின்று தடுப்பர் என்னும் உண்மையை நந்தனார் கதை நமக்கு உணர்த்துகிறது. இவ்வுண்மையைக் கிறிஸ்தவத் திருச்சபையின் வரலாற்றிலும் நாம் காணப் போகிறோம்.

பட்டம் பெறாத இராஜநாயக்கன்

டென்மார்க் அரசரின் ஆதரவில் சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே தமிழில் அச்சேறியது. அந்நூல் ஐரோப்பியர் செல்ல இயலாத இடங்களுக்கும் சென்றது. தஞ்சை மராட்டிய அரசின் எல்லைக்குள் குருமார் தம் விருப்பம்போல் நடமாட முடியாதிருந்த காலம் அது.

தஞ்சைப் படையில் சிறு பதவி வகித்த சேர்வைக்காரர் ஒருவர் அந்நூலைப் படித்தார். அவர் பெயர் இராஜநாயக்கன். பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்த அவர், தாம் படித்ததைத் தம் உறவினர்க்கும் படித்துக் காட்டினார். 1727ஆம் ஆண்டளவில் தரங்கம்பாடி மிஷனைத் தேடிச் சென்று தொடர்பு கொண்டார். பின்னர்ப் படைவாழ்வை விட்டு உபதேசியாராகி, 1771இல் மறையும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சை நாட்டின் ஊர்தோறும் நடந்து பணியாற்றினார். எதிர்ப்பும் துன்பமும் அவரைத் தொடர்ந்தன. அவர் பணியை விடவில்லை.

1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஆரோன் என்பவர் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் சீர்திருத்தத் திருச்சபையின் முதற் குரு அவரே; வேளாளர் குலத்தவர். சில ஆண்டுகளில் இரண்டாவது குரு தேவைப்பட்டபோது, இராஜநாயக்கன், தியோகு என்னும் இருவரின் பெயர்களும் எண்ணிப் பார்க்கப்பட்டன. இராஜநாயக்கனின் திறமையையும் ஒழுக்கத்தையும் குருமார் நன்கறிவர். ஆயினும் அவர் கையிலிருந்து நற்கருணையைப் பெறச் சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று அஞ்சினர். 1741இல் தியோகு குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்நிகழ்ச்சியை நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கடல் கடந்து வந்த குருமார் சாதியை உருவாக்கவில்லை. ஆனால் அதன் முன் பணிந்தனர். ஆயிரக்கணக்கானோருக்கு நற்செய்தி உரைக்கத் தகுதி உடையவர் எனப்பட்ட ஒருவர், அப்பமும் இரசமும் எடுத்து வழங்கத் தகுதி அற்றவரானார். அவர் வாயின் சொல் தீட்டாகவில்லை, கை தீட்டாயிற்று.

மயிலாடியில் ஒரு மகாராசன்

இரண்டாவது வரலாறு தென்திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்தவர் மகாராசன். இறைவனைத் தேடிச் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்ற அவர், தஞ்சாவூரில் இருந்த தம் உறவினர் வழியாகக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்தார். அங்கிருந்த கோலாப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று ‘வேதமாணிக்கம்’ என்னும் பெயர் பூண்டார். ஊர் திரும்பி, தாம் அறிந்ததைச் சுற்றத்தார்க்கு எடுத்துரைத்துச் சிறு கூட்டம் ஒன்றைத் திரட்டினார். அதனால் நேர்ந்த துன்பங்களைப் பொறுத்துக்கொண்டு, தம் மக்களுக்கு ஒரு குருவை அழைத்து வரும் முயற்சியில் இறங்கினார்.

அம்முயற்சியின் பயனாக, இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூரில் நுழைந்து மயிலாடியை அடைந்தார். 1809இல் அங்கே கோயிலும் பள்ளியும் உருவாயின. 1816இல் உடல்நலம் குன்றி ரிங்கல்தௌபே நாடு நீங்கியபோது, சபைகள் அனைத்தையும் வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றார். சார்லஸ் மீட் ஐயர் வந்து சேரும் வரை ஏறத்தாழ ஈராண்டுகள், ஐரோப்பியர் எவருடைய துணையும் இன்றி அச்சபைகளை அவர் நடத்தினார்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். வெள்ளைக்காரர் வந்து நம் மக்களை மதம் மாற்றினார் என்று பொதுவாகப் பேசப்படுகிறது. மயிலாடியில் நடந்தது அதற்கு நேர்மாறானது. தாழ்த்தப்பட்ட குலத்து மனிதர் ஒருவர் தம் கால்களால் நடந்து சென்று, தம் அறிவால் தேர்ந்து, வெள்ளைக்காரரைத் தம் ஊருக்கு வரவழைத்தார். அழைக்கப்பட்டவர் ரிங்கல்தௌபே, அழைத்தவர் வேதமாணிக்கம். நம் மக்களைப் பிறர் கைப்பாவைகளாகவே காணும் வழக்கத்தை இவ்வரலாறு மறுக்கிறது.

மதுரையும் கம்பம் பள்ளத்தாக்கும்

இனி நம் பகுதிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில் உள்ளது பண்ணைப்புரம். இசையமைப்பாளர் இளையராஜாவும், பாட்டாலே பொதுவுடைமைக் கருத்துகளை ஊர்தோறும் கொண்டு சென்ற அவர் தமையனார் பாவலர் வரதராசனும் பிறந்த ஊர் என உலகம் இதனை அறியும். 1996இல் தேனி மாவட்டம் பிரியும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தின் மேற்கு எல்லையாக இருந்தது.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கக் குருமாருடன், அங்கே மிஷன் பள்ளியில் பயின்ற தமிழ் இளைஞர்களும் உதவியாளராக வந்தனர். ஆகவே மதுரை மிஷனின் முதல் நாளிலிருந்தே தமிழ் உபதேசியாரின் பணி அதில் உண்டு. உபதேசியாரையும் ஆசிரியரையும் உருவாக்குவதற்காக 1842இல் திருமங்கலத்தில் ஒரு கல்விச்சாலை தொடங்கப்பட்டு, 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. பசுமலையில் 1881இல் தோன்றிய கல்லூரியே பின்னர் மதுரை நகருக்குப் பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்கள் பெரியகுளம் நிலையத்தைச் சார்ந்திருந்தன. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கத் திருச்சபை வேரூன்றியது.

சாதி குறித்து மதுரை மிஷன் கடுமையான நிலையை மேற்கொண்டது. தமிழ்நாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்திருந்தார். 1847இல் மதுரை மிஷன், சாதியைக் கைவிடாதவர் சபையின் உறுப்பினராக இருத்தல் இயலாது என முடிவு செய்தது. ஒரே பந்தியில் உண்பதே அதற்குரிய சோதனையாயிற்று. உபதேசியாருள்ளும் பலர் அச்சோதனைக்கு உட்படாமல் விலகினர். நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் தவறிய நீதி, மதுரையில் ஓரளவேனும் நிலைநாட்டப்பட்டது எனலாம். ஆனால் பந்தியில் ஒன்றாய் அமர்ந்தோர் எல்லாரும் உள்ளத்தால் ஒன்றாகிவிடவில்லை. பின்வந்த காலத்தில் பல ஊர்களில் கோயிலில் தனி இடமும், ஊருக்கு வெளியே தனிக் கல்லறையும் தொடர்ந்ததை நாம் அறிவோம்.

புத்தகத்தில் ஏறியவரும் ஏறாதவரும்

டேவிட் காயிட் ஸ்கடர் என்னும் இளைஞர் 1861இல் அமெரிக்காவிலிருந்து வந்து, பெரியகுளம் நிலையத்தில் பொறுப்பேற்றார். 1862ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெள்ளம் பெருகிய வையையைக் கடக்க முயன்று உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. இந்தியாவுக்கு வந்து ஈராண்டுகள்கூட நிறையவில்லை. அவர் தம்பி ஹோரேஸ் ஸ்கடர், கடிதங்களைத் தொகுத்து அவர் வாழ்க்கை வரலாற்றை 1864இல் நூலாக வெளியிட்டார். அந்த இளைஞரின் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஈராண்டுப் பணிக்கு ஒரு நூல் எழுதப்பட்டது தகுதியானதே.

ஆனால் அதே பள்ளத்தாக்கில் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே சேரியில் தங்கிப் பணியாற்றிய உபதேசியார்களுக்கு நூல் இல்லை. மிஷன் அறிக்கைகளில் அவர்கள் ‘உதவியாளர்’ என்னும் பொதுச்சொல்லிலும், எண்ணிக்கைக் கட்டங்களிலும் அடங்கிப் போயினர். எழுதக் கற்றுக் கொடுத்தவர்களைப் பற்றி எழுதுவார் இல்லை. இவ்வேற்றுமைக்கு அவர்களுடைய தகுதிக் குறைவு காரணமன்று. வரலாறு எழுதும் கோல் யார் கையில் இருந்தது என்பதே காரணம்.

உபதேசியாரின் நாள்

அவர்கள் செய்த பணிதான் என்ன? உபதேசியாரே பெரும்பாலும் ஊர்ப்பள்ளியின் ஆசிரியராகவும் இருந்தார். காலையில் ஜெபம்; பகலில் பள்ளி; மாடு மேய்க்கும் சிறுவர்க்கும் கூலிவேலை செய்யும் இளைஞர்க்கும் இரவில் விளக்கொளியில் பாடம். முதலில் மணல், பிறகு ஓலை, பிறகு சிலேட்டு எனக் கற்கும் கருவி மாறியது. நோயுற்றவரைப் பார்ப்பது, பிணக்குத் தீர்ப்பது, படிக்கத் தெரியாதவர்க்கு மனு எழுதிக் கொடுப்பது, கடிதம் படித்துக் காட்டுவது ஆகியவையும் அவர் பணிகளே. மாதந்தோறும் நிலையத்துக்கு நடந்து சென்று, தம் வேலையைப் பற்றி அறிக்கை தந்து, பாடம் ஒப்புவித்து, சொற்பச் சம்பளத்தைப் பெற்றுத் திரும்புவார்.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. சென்னை மாகாணத்தில் மாணவர் தேர்வில் காட்டும் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. அதனால் ஆய்வாளர் வரும் நாள் உபதேசியார்க்குப் பெருஞ்சோதனையாயிற்று. பசித்த பிள்ளைகள் வாசித்துக் காட்டினால்தான் பள்ளிக்குப் பணம். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பாதிப் பிள்ளைகள் வயலில் இருப்பர். இத்தகைய பள்ளியை நடத்துவது எத்துணை அரிது என்பதைத் தொடக்கப் பள்ளியில் பணி செய்தோர் அறிவர்.

அவர்தம் மனைவியரையும் ‘வேதப் பெண்கள்’ என்று அழைக்கப்பட்ட பெண் ஊழியரையும் மறந்துவிடலாகாது. வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தும் பாட்டும் கற்பித்தவர்கள் அவர்கள். தாய் ஒருத்தி படித்தால் வீடே படிக்கும் என்று நாம் இன்று மேடையில் முழங்குகிறோம். மேடை இல்லாத காலத்தில் அதனைச் செய்து காட்டியவர்கள் இப்பெண்மணிகள்.

சோற்றுக்காகவா?

பஞ்சத்தில் கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று நம் முன்னோரை இகழ்வோர் உண்டு. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் தென்னாட்டில் ஏராளமானோர் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்தது உண்மை. நிலத்தகராறில் துணை, வழக்கில் பாதுகாப்பு, பிள்ளைக்குப் படிப்பு ஆகியவற்றை நாடியும் மக்கள் சேர்ந்தனர். இதனை மறைக்க வேண்டியதில்லை. பசித்தவன் உணவைத் தேடுவதும், அவமதிக்கப்பட்டவன் மானத்தைத் தேடுவதும் இழிவாகா. கலிலேய மீனவரும் உலகத் தேவைகளற்ற முனிவர்களல்லர். ஆனால் கஞ்சித் தொட்டி மூடப்பட்ட பின்னும் பள்ளியை மூடாமல் ஊரிலேயே இருந்தவர்களைப் பற்றி இகழ்வோர் ஏதும் சொல்வதில்லை. கூலிக்கு வந்தவன் கூலி குறைந்தால் போய்விடுவான். அழைப்பை ஏற்று வந்தவன் நிலைத்து நிற்பான். உபதேசியாரின் உண்மையை அளக்க இதுவே உரைகல்.

ஊழியத்தின் விளைவு கோயிலுக்குள் அடங்கிவிடவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மிஷன் ஊழியரும் அப்பகுதிப் பறையர் மக்களும் எழுப்பிய குரலைத் தொடர்ந்து, கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். அதன் வழியில் 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பஞ்சமர் கல்விக்கு ஊக்கமளிக்கும் அரசாணை 1893இல் வெளிவந்தது. ஆதிதிராவிடர் தலைவராகப் பின்னர் விளங்கிய எம்.சி. ராஜா, வெஸ்லி மிஷன் பள்ளியில் பயின்று, ஆசிரியராகப் பணி தொடங்கியவர். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் நிறுவியதும், 1920களில் அரசின் தொழிலாளர் துறை ‘லேபர் பள்ளிக்கூடங்களை’ நடத்தியதும் வேறு வழிகளில் வந்த அதே தொண்டு. சமயம் வேறாயினும் கரும்பலகை ஒன்றே.

அழைப்பும் உரிமையும்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை மிஷனின் சபைகள் அதில் ஒன்றாயின. நாட்டு விடுதலையை அடுத்து, உபதேசியார் குடும்பங்களுக்கு ஒரு புதிய கேள்வி எழுந்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர்க்குரிய சலுகைகளை இந்துக்களுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவருக்கு இருவேறு சான்றிதழ்கள் எழுதப்படுகின்றன. தெருவைக் கடந்து சென்றால் இருவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றே. இவ்வுரிமையை வழங்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்மானம் நிறைவேற்றியது.

திருச்சபைக்குள்ளும் மாற்றம் மெல்ல வந்தது. மதுரையில் 1969இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பறையிசையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். ‘பரட்டை’ என்னும் பெயரால் மக்கள் அவரை அன்புடன் அறிவர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிலிருந்து முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்ட காலத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இருநூற்று எண்பது ஆண்டுகள். இத்தனை நீண்ட காத்திருப்பு பெருமைக்குரியதா, நாணத்திற்குரியதா என்பதைத் திருச்சபையார் சிந்திக்கட்டும்.

நம் கடமை

உபதேசியார் மரபிலிருந்து நம் கல்விச் சங்கம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தகுதி முழுவதும் நிரம்பிய பின் தொண்டுக்கு வருவேன் என்று காத்திருத்தலாகாது. வேதமாணிக்கம் பெரும் படிப்பாளியல்லர்; தாம் கற்ற அளவை உடனே பிறர்க்குக் கொடுத்தார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தரலாம். பட்டம் பெற்று நகரங்களில் பணிபுரிவோர் விடுமுறைக்கு ஊர் வரும்போது இரண்டு நாள்களேனும் நம் மாலைப் பள்ளியில் அமரலாம். இரண்டாவது, அழைத்துவிட்டு வாயிலில் தடுத்தலாகாது. பெண்களுக்கும், நம்மினும் தாழ்ந்தவர் என்று நாமே ஒதுக்கிவைக்கும் உட்பிரிவினர்க்கும் சங்கத்தின் பொறுப்புகளில் இடமளிக்காமல், தரங்கம்பாடிக் குருமாரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

மேலும் ஒரு வேண்டுகோள். பழைய தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலும், கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் குறிப்பேடுகளிலும் நம் முதல் ஆசிரியர்களின் பெயர்கள் இன்னும் இருக்கக்கூடும். கரையான் அரிக்கும் முன் அவற்றைப் படியெடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்த முதியோரிடம், ‘உங்களுக்கு முதலில் அகரம் எழுதக் கற்பித்தவர் யார்?’ என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். எந்தச் சமயத்தவராயினும், அரசுப் பள்ளியினராயினும் மிஷன் பள்ளியினராயினும், அப்பெயர்கள் அனைத்தும் ஒரே ஏட்டில் இடம்பெறட்டும். இவ்வெள்ளிவிழா ஆண்டிலேயே அந்த ஏட்டின் முதல் பக்கத்தை நம் மாணவர் ஒருவர் தம் கையால் எழுதத் தொடங்குமாறு சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.